ஐந்து பவுண்டு வரைபடம்: லண்டன் பயணக் குறிப்புகள்

புதன்

ஹோல்பர்ன் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் வந்துவிடுகிறது. நடுவில் பெரிய பூங்கா, சுற்றிலும் வக்கீல் அலுவலகங்கள். வடக்கு வரிசையில் 13ஆம் எண் வீடுதான் சர் ஜான் சோன் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

மரவேலைப் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கட்டில், அலமாரி, பூஜை மண்டபம், கல்யாண மண்டபத்துக்கு மேடை நாற்காலி என்று எது வந்தாலும் முதலில் தாளில்தான் வரும். பொருள் வீட்டுக்குப் போனதும் தாள் குப்பைக்குப் போய்விடும். 250 வருடத்துக்கு முன்னால் போட்ட அப்படிப்பட்ட தாள்களை ஒருவர் தேடிப்பிடித்து வாங்கி, பத்திரப்படுத்தி, நாட்டுக்கே எழுதிவைத்திருக்கிறார் என்று படித்ததிலிருந்து இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசை.

ஜான் சோன் கொத்தனார் மகன். பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்குக் கட்டடக் கலைஞராக இருந்தவர். 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வைத்து, தான் இறந்த பிறகு வீடும் சேகரிப்பும் இருந்தபடியே இருக்க ஏற்பாடு செய்தார். 1837இல் இறந்தார். அதே 1833இல்தான், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர்களான ராபர்ட் ஆடம், ஜேம்ஸ் ஆடம் சகோதரர்களின் அலுவலகத்து வரைபடங்களை வாங்கினார். ஏறத்தாழ 9,000 தாள்கள், 57 தொகுதிகள், விலை 200 பவுண்டு. கணக்குப் போட்டால் ஒரு தாளுக்கு அந்தக் காலத்து ஐந்து பென்னியும் சில்லறையும். ஆடம் பாணி பழசாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. சோன் அப்படி நினைக்கவில்லை.

இன்று வீட்டை மட்டும் சுற்றிப் பார்த்தேன். படங்கள் வைத்திருக்கும் அறையில் சுவரே கீல் வைத்துத் திறக்கிறது. ஊழியர் ஒருவர் வந்து பலகையைத் திறந்தால் உள்ளே இன்னொரு வரிசைப் படங்கள். தெற்கு இத்தாலியில் பெஸ்டம் என்ற ஊரின் பழைய கிரேக்கக் கோயில்களை இத்தாலிய ஓவியர் பிரனேசி வரைந்த தாள்கள் இங்கே இருக்கின்றன. மொத்தம் 15. ராபர்ட் ஆடம் ரோமில் இருந்தபோது பிரனேசி அவருக்கு நண்பர். ரோமின் கம்போ மார்சோ என்ற பகுதியைப் பற்றி 1762இல் வெளியிட்ட புத்தகத்தைப் பிரனேசி ஆடமுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருந்தார். அந்த நட்பு இல்லாமல் நாளைக்கு நான் பார்க்கப்போகும் தாள்கள் இப்படி இருந்திருக்காது என்பது என் எண்ணம். கற்பனையை அடக்க வேண்டாம் என்ற துணிச்சல் பிரனேசியிடமிருந்து தொற்றியது.

வியாழன்

ஆய்வு நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கியிருந்தேன். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பெரிய தொகுதியைக் கொண்டுவந்து மெத்தை மாதிரியான தாங்கியில் கிடத்தினார்கள். 17ஆம் தொகுதி, அறைகலன்கள்.

ஆடம் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1728இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அப்பா வில்லியமும் கட்டடக் கலைஞர். 1754இல் இத்தாலிக்குக் கிளம்பி, கிளெரிசோ என்ற பிரெஞ்சு ஓவியரிடம் வரையப் பழகினார். 1757இல் இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஸ்பிளிட் நகரத்துக்குக் குழுவாகப் போய், ரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் அரண்மனையை ஐந்து வாரத்தில் அளந்து வரைந்தார்கள். 1758இல் லண்டனில் கடை விரித்தார். எரிமலையில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியமும் பொம்பேயும் அப்போது தோண்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம். ரோமானியர்கள் கோயிலுக்குத்தான் கனமான தூணும் உத்தரமும் வைத்தார்கள், வீட்டுக்குள் மெல்லிய கொடியும் வட்டமும் சின்னச்சின்ன உருவமும்தான் என்பதை ஆடம் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அதை வைத்துத்தான் இங்கிலாந்தின் வரவேற்பறைகளை மாற்றினார்.

மாற்றியது சுவரையும் கூரையையும் மட்டும் அல்ல. கம்பளம், கண்ணாடிச் சட்டம், மேசை, மெழுகுவர்த்தித் தாங்கி, கதவுக் கைப்பிடி, வெள்ளித் தட்டு என்று எல்லாமே அவர் அலுவலகத்திலிருந்து வரைபடமாகப் போனது. ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு ஹார்ப்சிகார்டு இசைக்கருவியின் பெட்டிகூட வரைந்திருக்கிறார்கள்.

சரி, தாளுக்கு வருகிறேன். முதலில் கண்ணில் படுவது கோடு. மை இப்போது பழுப்பாகியிருக்கிறது. அடியில் பென்சில் கோடு அழிக்காமல் அப்படியே கிடக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வட்டத்தின் நடுவில் காம்பஸ் முள் குத்திய ஓட்டை. அந்தக் குத்தில் விரலை வைக்கக்கூடாது என்று தெரிந்தும் கை தானாகப் போனது, இழுத்துக்கொண்டேன். அளந்து, வட்டமடித்து, பென்சிலில் தடம் போட்டு, மையில் கட்டி, பிறகு நீர்வண்ணம் விடுவது என்ற வரிசை நான் கற்றுக்கொண்ட வரிசைதான். நிழல் எப்போதும் ஒரே பக்கம் விழுகிறது. அதனால் எது மேடு, எது பள்ளம் என்று செதுக்குகிறவருக்குச் சந்தேகமே வராது.

சமச்சீரான பொருளுக்குச் சில தாள்களில் இரண்டு பாதியும் ஒன்றாக இல்லை. இடது பாதியில் ஒரு யோசனை, வலது பாதியில் வேறு யோசனை. பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தினால் இரண்டு முழுப் பொருள் கிடைக்கும். வாடிக்கையாளர் பார்த்துவிட்டு 'இது போதும்' என்று விரலை வைக்க வேண்டியதுதான். அட்டிகைக்குப் பாதியை மட்டும் வரைந்து தாளை மடித்து மறுபாதியை எடுக்கும் நகைப் பத்தர்களுக்கு இது உடனே புரியும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க இந்த வழக்கம் இருந்தது. தாளும் மிச்சம், நேரமும் மிச்சம். என்னை அதைவிட ஈர்த்தது, இன்னும் முடிவாகாத ஒரு பேச்சுவார்த்தை தாளில் அப்படியே நின்றுபோயிருப்பது. செய்து முடித்த மேசையில் அந்தப் பேச்சு கேட்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாளின் கீழே ஆடம் பெயர் இருந்தாலும், நேர்த்தியாக முடித்த தாள்களில் பல அவர் கையால் வந்தவை அல்ல. ராபர்ட் ஆடமின் கை வேகமானது, கிறுக்கல் போல ஓடும், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் நாலு கோட்டில் வந்துவிடும். அதை எடுத்து அளவுக்குக் கொண்டுவந்து வண்ணம் தீட்டியவர்கள் அலுவலகத்து வரைவாளர்கள். ஜார்ஜ் ரிச்சர்ட்சன், ஜூசெப்பே மனோக்கி, ஜோசப் பொனோமி, அகஸ்தினோ புரூனியாஸ். பெரும்பாலும் இத்தாலியர்கள். இவர்களில் புரூனியாஸ் பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், டொமினிகாவில் வாழ்ந்த மக்களை வரைந்து பெயர் வாங்கினார். சந்தையும் துணி வெளுக்கும் பெண்களும் உள்ள அந்தப் படங்களை வரைந்த கை, அதற்கு முன்னால் லண்டனில் பிரபு வீட்டுச் சுவருக்கு அலங்காரம் வரைந்துகொண்டிருந்த கை. இந்த வரைவாளர்களின் பெயர்களை ஆடம் பெயருக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வரைந்து கொடுத்தே வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

1764இல் சர் லாரன்ஸ் டண்டாஸ் என்பவருக்காகப் போட்ட சோஃபா வரைபடத்தில் நெடுநேரம் நின்றேன். முன்பக்கச் சட்டம் நெடுக, மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் உருவங்களும் ஹனிசக்கிள் பூ வடிவமும் வருகின்றன. இந்தச் சோஃபாவோடு சேர்த்துச் செய்த நாற்காலி ஒன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

வெள்ளி

மழை. பிக்காடிலி லைனில் ஆஸ்டர்லி ஸ்டேஷன் வரை போய், தார்ன்பரி ரோட்டில் நடந்தேன். பூங்கா வாசலைத் தாண்டியதும் நகரம் மறைந்துபோகிறது. ஆனால் தலைக்கு மேலே ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்களின் சத்தம் நிற்பதே இல்லை.

ஆஸ்டர்லி ஒரு வங்கிக் குடும்பத்தின் வீடு. சைல்டு வங்கி. 1761இல் ஃபிரான்சிஸ் சைல்டு ஆடமை அழைத்தார். அவர் 1763இல் இறந்துபோக, தம்பி ராபர்ட் சைல்டு வேலையைத் தொடர்ந்தார். இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை நடந்தது. 1949இல் வீடு, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. சிவப்புச் செங்கல் வீட்டின் நடுவில் வெள்ளைத் தூண் மண்டபம். படியேறி அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

நேற்றைய தாள்கள் மனதில் இருக்கும்போது இந்த வீட்டைப் பார்ப்பது தனி அனுபவம். முன்கூடத்தில் கூரையின் கோலமும் தரையின் கோலமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. சாப்பாட்டு அறையில் நடுவில் மேசையே இல்லை. நாற்காலிகள் சுவரோரம், முதுகில் யாழ் வடிவம். சாப்பிடும் நேரத்தில் மடக்கு மேசையைக் கொண்டுவந்து போடுவார்களாம். சுவரில் துணியோ திரைச்சீலையோ கிடையாது, எல்லாம் சுதை வேலை. சாப்பாட்டு வாசனை துணியில் தங்கிவிடும் என்பதால்தான் சாப்பாட்டு அறைக்குச் சுதை என்று ஆடமே தன் நூலில் எழுதியிருக்கிறார். பக்கவாட்டு மேசைக்கு இரண்டு புறமும் பீடம், பீடத்தின் மேல் கலசம். பார்வைக்குக் கோயில் சாமான் போல இருக்கும் இந்த மாதிரிக் கலசங்களில் தண்ணீர் வைப்பார்கள், பீடத்துக்குள் தட்டைச் சூடாக வைக்கும் வசதி செய்வார்கள். பழைய ரோமில் இப்படி ஒரு பொருளே கிடையாது. பழைய வடிவத்தைப் புதிய தேவைக்குப் பொருத்துவது எப்படி என்று பாடம் எடுக்க வேண்டுமானால் நான் இந்த அறைக்குத்தான் கூட்டிவருவேன்.

கதவுக் கைப்பிடியையும் குனிந்து பார்த்தேன். பொன்முலாம் பூசிய பித்தளையில் உள்ளங்கையளவு இடம். அதற்குள் அதே ஹனிசக்கிள். கூரையில் பல அடிக்கு விரிகிற வடிவம் இங்கே இரண்டு விரல் அகலத்தில். அளவு மாறும்போது கோட்டை எவ்வளவு தடிப்பாக்க வேண்டும், எத்தனை இதழைக் குறைக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அப்படியே சுருக்கியிருந்தால் பித்தளையில் இதழெல்லாம் ஒட்டிப்போய்ச் சேறாகியிருக்கும்.

அப்புறம் அந்தக் கட்டில். 1776இல் வரைந்தது. எட்டுத் தூண், மேலே குவிமாடம், பச்சைத் திரை, குவிமாடத்தைச் சுற்றிப் பட்டுப்பூச் சரம். சைல்டு வங்கியின் பழைய அடையாளமான மேரிகோல்டு பூ கட்டிலில் திரும்பத் திரும்ப வருகிறது. தூங்குவதற்கு என்று இல்லாமல், வந்தவர்கள் பார்ப்பதற்காகவே செய்த கட்டில். 1778இல் இதைப் பார்த்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், இது நாடக மேடை மாதிரி இருக்கிறது, இப்போதைய பெண்களின் தலையலங்காரம் மாதிரி இருக்கிறது, தொப்பி தைப்பவர் அலங்கரித்த குவிமாடத்தைப் பார்த்தால் பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் என்ன நினைப்பார் என்று எழுதினார்.

வால்போலோடு எனக்குப் பாதி உடன்பாடு. தாளில் இந்தக் கட்டில் காற்றில் நிற்பது போல இருந்தது, வண்ணமே மூச்சுவிட்டதுபோல. அறைக்குள் அதே கட்டில் கனக்கிறது. திரையின் எடை, மடிப்பின் நிழல், கூரைக்கும் குவிமாடத்துக்கும் நடுவில் போதாத இடைவெளி, இவை மூன்றும் வரைபடத்தில் தெரியாது. ஆனால் மேல்விரிப்புக்குக்கூடத் தனி வரைபடம் போட்டு, தையல்காரருக்கும் தச்சருக்கும் ஒரே பூவைக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே பொருளில் சந்திக்க வைத்த உழைப்பை நான் மதிக்கிறேன். வால்போல் அதைப் பேசவில்லை.

பக்கத்திலேயே எட்ரஸ்கன் அறை. ரோமானியர்களுக்கு முன்பு இத்தாலியில் ஓங்கியிருந்த எட்ரஸ்கர்களின் பெயர். எனக்கு வீட்டிலேயே பிடித்த இடம். வெளிர் நீலச்சாம்பல் சுவரில் செம்மண் நிறமும் கறுப்புமாக மெல்லிய கொடிகள், முக்காலிகள், சிறு உருவங்கள். இத்தாலியில் கிடைத்த பழைய மண்கலங்களின் நிறத்தை முதன்முதலாகச் சுவருக்குக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று ஆடம் சகோதரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 1775இல் சுவருக்கு வரைபடம், 1776இல் நாற்காலிக்கு. ஓவியர் போர்ஞிஸ் காகிதத்தில் தீட்ட, அதைக் கான்வாஸில் ஒட்டிச் சுவரில் பதித்தார்கள். ஆகவே இந்த அறையில் நான் பார்த்தது, சொல்லப்போனால், சுவர் அளவுக்கு வளர்ந்த ஒரு வரைபடம். நாற்காலியின் முதுகிலும் அதே கறுப்பும் செம்மண்ணும். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டால்தான் சுவர்க் கோலம் பூர்த்தியாகிறது. யாராவது நாற்காலியை நகர்த்தினால் கோலம் உடைந்துவிடும். அந்த அளவுக்கு ஒன்றோடொன்று பின்னி வரைந்திருக்கிறார்கள். இதைப் பற்றியும் வால்போல் கசப்பாகத்தான் எழுதினார்: அரண்மனையிலிருந்து கிளம்பி குயவர் வயலுக்குள் வந்ததுபோல என்று. இங்கே அவரோடு எனக்கு உடன்பாடே இல்லை.

திரும்பும்போது கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

சனி

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட். பிரிட்டிஷ் காட்சிக்கூடங்களுக்கு நேராகப் போய், டண்டாஸின் நாற்காலியைத் தேடினேன்.

தாளில் பார்த்த ஸ்பிங்க்ஸ் இங்கே மரத்தில் புடைத்து நிற்கிறது, மேலே பொன். இதைச் செய்தவர் லண்டனில் அறைகலன் பட்டறை வைத்திருந்த தாமஸ் சிப்பன்டேல். இங்கிலாந்தின் மிகப் பெரிய இரண்டு பெயர்கள், ஆடமும் சிப்பன்டேலும். ஒருவர் வரைய மற்றவர் செய்தார் என்று ஆவணத்தோடு உறுதியாகச் சொல்ல முடிவது இந்த ஒரு தொகுப்புக்குத்தான். எட்டு நாற்காலி, நாலு சோஃபா. 1765 ஜூலையில் சிப்பன்டேல் கொடுத்த பில் இன்றும் இருக்கிறது. பழங்காலப் பாணியில் மிகச் செழிப்பாகச் செதுக்கி எண்ணெய்ப் பொன் பூசிய எட்டுப் பெரிய கைநாற்காலிகள், 160 பவுண்டு. நாலு சோஃபா, 216 பவுண்டு. துணி டண்டாஸ் கொடுத்தது, பில்லிலும் அப்படியே போட்டிருக்கிறார்கள். வரைபடத்துக்கு ஆடம் வாங்கியது 5 பவுண்டு.

ஒரு நாற்காலியின் விலை 20 பவுண்டு. சிப்பன்டேல் செய்த நாற்காலிகளிலேயே விலை கூடியது இதுதான். மொத்தத் தொகுப்புக்கும் வடிவம் கொடுத்த தாளுக்கு அதில் கால் பங்கு. இது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். மரம், பொன், மாதக்கணக்கான உளிவேலை எல்லாம் சிப்பன்டேல் பட்டறையின் தலையில்தானே. செதுக்கியவர் கைத்திறனை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் 20 பவுண்டு சரியாகத்தான் படுகிறது: ஸ்பிங்க்ஸின் இறகை வரைபடம் சில கோட்டில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது, மரத்தில் ஒவ்வொரு தூவலையும் பிரித்து, கீழிருந்து மேலே போகப் போக மெலிய வைத்திருக்கிறார்கள். தாள் சொல்லாமல் விட்ட இடத்தில் ஆசாரி தன் முடிவை எடுத்திருக்கிறார். வரைந்தவரும் செய்தவரும் ஒருவரை ஒருவர் நம்பினால்தான் இது நடக்கும். என் பட்டறை நண்பர்களிடம் எல்லாவற்றையும் நானே வரைந்து முடித்துவிடாமல் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்த நாற்காலியை வைத்துத்தான் இனி பேசப்போகிறேன்.

சற்றுத் தள்ளி கிம்போல்டன் அலமாரி. மான்செஸ்டர் சீமாட்டிக்காக 1771இல் ஆடம் வரைந்தது. ஃபிளாரன்ஸ் நகரத்தில் 1709இல் பாச்சோ கப்பெல்லி நிறக்கற்களை வெட்டிப் பொருத்திச் செய்த பதினோரு நிலக்காட்சிப் பலகைகள் சீமாட்டியிடம் இருந்தன. அவற்றைக் காட்டுவதற்கென்றே இந்த அலமாரி. மரவேலை இன்ஸ் அண்ட் மேஹியூ, பொன்முலாம் பூசிய உலோக அலங்காரம் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டன். ஃபிளாரன்ஸ் கல், லண்டன் மரம், பர்மிங்ஹாம் உலோகம். தொலைபேசி இல்லாத காலத்தில் இவை மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்த வேண்டுமென்றால், எல்லோர் கையிலும் அளவு எழுதிய தாள் போயிருக்க வேண்டும். முடிய ஏறத்தாழ ஐந்து வருடம் ஆனது. அழகா என்றால், கல் படங்கள் அலமாரியை அமுக்குகின்றன என்றுதான் சொல்வேன். ஒருங்கிணைப்பு மட்டும் மலைக்க வைக்கிறது.

ஞாயிறு

விமானம் இரவில். தாளிலிருந்து பொருள் பிறந்த இன்னொரு கதைக்காக, காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு மண்கலத்தைப் பார்க்கப் போனேன்.

மெய்டியாஸ் என்ற கிரேக்கக் குயவர் கையெழுத்திட்ட தண்ணீர்க் குடம், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. கீழ்வரிசையில், கிரேக்கப் புராணத்தில் பொன் ஆப்பிள் காக்கும் ஹெஸ்பெரிடிஸ் பெண்களின் தோட்டத்தில் வீரன் ஹெராக்ளிஸ். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த சர் வில்லியம் ஹாமில்டன் சேகரித்தவற்றில் இது ஒன்று. தன் கலங்களை வண்ணத் தாள்களாக அச்சிட்டு அவர் பெரிய தொகுதிகள் கொண்டுவந்தார். கைவினைஞர்களும் பட்டறைகளும் பார்த்து நல்ல வடிவங்களைச் செய்ய வேண்டும் என்பது அந்த வெளியீட்டின் வெளிப்படையான நோக்கம். 1772இல் கலங்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஆனால் அதற்கு முன்பே புத்தகம் ஆங்கிலேய மண்கலத் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் கைக்குப் போய்விட்டது. 1769 ஜூன் 13, ஸ்டாஃபர்ட்ஷயரில் எட்ரூரியா என்று பெயர் வைத்த புதுத் தொழிற்சாலையின் முதல் நாள். கூட்டாளி பென்ட்லி சக்கரத்தைச் சுற்ற, வெட்ஜ்வுட் தன் கையாலேயே கலங்களை வனைந்தார். கறுப்பு மண்கலத்தின் மேல் சிவப்பில் தீட்டியது இந்த ஹெஸ்பெரிடிஸ் காட்சியின் உருவங்களைத்தான். குடத்தைப் பார்த்து அல்ல, தாளைப் பார்த்து.

குடத்தில் உருவங்கள் வயிற்றின் வளைவோடு வளைந்து போகின்றன. அச்சுத் தாளில் அவை தட்டையாக, வரிசையாக நிற்கின்றன. வெட்ஜ்வுட் கலத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தட்டை நடை அங்கேயும் தெரியும். தாளின் குணம் மண்ணில் ஏறிவிட்டது.

போகிறவர்களுக்கு: சோன் அருங்காட்சியகம் திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். ஆடம் வரைபடங்கள் எல்லாவற்றையும் அவர்களுடைய இணையப் பட்டியலில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். 17ஆம் தொகுதியில் ஆரம்பியுங்கள், டண்டாஸ் சோஃபாவைத் தேடிப் பாருங்கள். ஆஸ்டர்லியில் தோட்டம் திறந்திருக்கும் எல்லா நாளும் வீடு திறந்திருக்காது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.